ரபாத்தா, பிர்குவா: மால்ட்டாவின் இரு பழைய ஊர்களில் குடியிருப்பு

மால்ட்டாத் தீவு 27 கிலோமீட்டர் நீளமும் 246 சதுர கிலோமீட்டர் பரப்பும் கொண்டது. கோசோ, கொமினோ தீவுகளையும் சேர்த்தால் நாட்டின் மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர். 2021ஆம் ஆண்டின் குடிக்கணக்கெடுப்பில் மக்கள்தொகை 5,19,562. ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மக்கள் நெருக்கம் மிகுந்த நாடு இதுதான். இவ்வளவு சிறிய தீவில் எந்த ஊரில் வீடு பார்த்தாலும் ஒன்றுதான் என்ற எண்ணம் புதிதாகக் குடியேறுவோரிடம் உண்டு. அங்கே சில ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் அப்படி நினைப்பதில்லை. பத்துக் கிலோமீட்டர் இடைவெளியில் காற்றும் ஈரமும் மாறிவிடுகின்றன. வீட்டின் அமைப்பு, தெருவின் அகலம், வேலைக்குப் போகும் வழி, திருவிழாவின் மாதம் எல்லாம் வேறாகின்றன.

ஸ்லீமா, செயின்ட் ஜூலியன்ஸ் போன்ற கடலோரப் பகுதிகளின் அடுக்குமாடிகளை விரும்பாமல், பழைய கல்வீடும் தேவாலயச் சதுக்கமும் உள்ள ஊரில் வாழ நினைப்பவர்கள் எடைபோடும் ஊர்களில் ரபாத்தும் பிர்குவும் முக்கியமானவை. ரபாத் தீவின் மேற்குப் பகுதியில், மேட்டு நிலத்தில், வயல்கள் சூழ அமைந்த ஊர். விட்டோரியோசா என்ற பெயரும் கொண்ட பிர்கு, தலைநகர் வாலெட்டாவுக்கு எதிரே பெருந்துறைமுகத்துக்குள் நீண்டிருக்கும் ஒரு நிலநாக்கின் மேல் மதில்களுக்குள் அடங்கிய ஊர். பார்வைக்கு இரண்டும் அழகானவை என்பதால் அழகை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. தேர்வைத் தீர்மானிப்பவை வீட்டுச் சுவரின் ஈரம், கார் நிறுத்தும் இடம், படிக்கட்டு, வேலை செய்யும் இடம், சொத்தின் பத்திரம் போன்ற அன்றாட விஷயங்கள்.

இரு ஊர்களின் வரலாறு

இரண்டில் மூத்தது ரபாத். ரோமானியர் காலத்தில் தீவின் தலைநகராக இருந்த மெலிட்டே, இன்றைய இம்டினாவையும் ரபாத்தின் ஒரு பகுதியையும் சேர்த்துப் பரந்திருந்தது. அரபு ஆட்சிக் காலத்தில் மதிலும் அகழியும் உள்வாங்கப்பட்டு நகரம் சுருங்கியது. மதிலுக்குள் நின்ற பகுதி இம்டினா ஆயிற்று. வெளியே விடப்பட்ட பகுதி ரபாத் ஆயிற்று. 1881இல் இரண்டுக்கும் இடையே ஒரு ரோமானிய மாளிகையின் வண்ணக்கல் தளம் கண்டெடுக்கப்பட்டது. தூய பவுல், தூய அகத்தா பெயர்களில் வழங்கும் நிலத்தடிக் கல்லறைகள் ரபாத்தின் தெருக்களுக்கும் வீடுகளுக்கும் அடியில் கிளைவிட்டு ஓடுகின்றன. பிரபுக்களும் ஆயரும் இம்டினாவில் இருந்தார்கள். துறவற மடங்களும் சந்தையும் உழவர் குடும்பங்களும் ரபாத்தில் தங்கின. இன்று இம்டினாவில் குடியிருப்பவர்கள் சில நூறு பேர் மட்டுமே. மக்கள் நடமாட்டம் உள்ள ஊர் ரபாத்தான்.

பிர்குவின் புகழுக்குக் காரணம் துறைமுகம். 1530இல் தூய யோவான் சபையின் வீரத்துறவிகள் தீவுக்கு வந்தபோது உள்நாட்டு இம்டினாவைத் தவிர்த்துவிட்டு, தங்கள் கப்பல்கள் நிற்க வசதியான பிர்குவைத் தலைமையிடமாகக் கொண்டார்கள். 1565இல் ஒட்டோமான் படை மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை நடத்திய பெருமுற்றுகையை இந்த ஊர் தாங்கி நின்றது. ‘வெற்றி நகர்’ என்ற பொருளில் விட்டோரியோசா என்ற பெயர் வந்தது அதற்குப் பிறகுதான். 1571இல் தலைமையிடம் வாலெட்டாவுக்கு மாறியது. ஆனால் 1574 முதல் 1798 வரை திருச்சபையின் விசாரணை நீதிமன்றம் பிர்குவிலேயே இயங்கியது. பின்பு பிரிட்டிஷ் கடற்படை வந்தது. கப்பல் கட்டும் தளம் பிர்கு, போர்ம்லா, செங்லியா ஆகிய மூன்று ஊர்களுக்கும் சோறு போட்டது.

இரண்டாம் உலகப் போர் இரண்டு ஊர்களையும் ஒரே மாதிரி நடத்தவில்லை. 1941 ஜனவரியில் ‘இல்லஸ்டிரியஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் பழுதுபார்ப்புக்காகத் துறைமுகத்தில் நின்றபோது அதைக் குறிவைத்து விழுந்த குண்டுகள் மூன்று ஊர்களையும் நொறுக்கின. பிர்குவின் பழைய மணிக்கூண்டும் அந்தப் போரில் அழிந்தது. மக்கள் உள்நாட்டு ஊர்களுக்கு இடம்பெயர்ந்தார்கள். போர் முடிந்த பிறகு திரும்பாதவர்கள் ஏராளம். இன்று பிர்குவின் தெருக்களில் பதினாறாம் நூற்றாண்டுச் சுவருக்கு அடுத்தே போருக்குப் பின் அரசு கட்டிய அடுக்குவீடுகள் நிற்பதற்குக் காரணம் இதுதான். ரபாத் பெரும்பாலும் தப்பியது. அதன் பழைய மையத்தில் தெருவமைப்பு குலையாமல் தொடர்கிறது.

நிலமும் காற்றும்

ரபாத் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மால்ட்டாவின் மிக உயர்ந்த இடமே சுமார் 250 மீட்டர்தான் என்பதால் இது பெரிய உயரம். கோடை இரவில் துறைமுக ஊர்களை விட இங்கே காற்றோட்டம் அதிகம். அதே உயரம் குளிர்காலத்தில் பாதகமாகிறது. தீவில் அதிகமாக வீசும் வடமேற்குக் காற்று தடையின்றி ஊரை அடைகிறது; சில நாட்களில் மூடுபனியும் இறங்குகிறது. எண்ணளவில் குளிர் கடுமையானது இல்லை. வெளியே உறைநிலையை எட்டும் இரவுகள் மிக அரிது. ஆனால் மால்ட்டாவின் பழைய வீடுகளில் மையச் சூடேற்றம் கிடையாது. கல்சுவர் ஈரத்தோடு குளிரையும் பிடித்து வைத்துக்கொள்வதால், வெயில் அடிக்கும் தெருவை விட வீட்டுக்குள் குளிர் அதிகமாகத் தெரியும்.

பிர்குவுக்கு ஒரு பக்கம் கல்காரா ஓடை, மறுபக்கம் கப்பல்துறை ஓடை. மூன்று பக்கமும் நீர் சூழ்ந்திருப்பதால் குளிர்காலம் மிதமானது. கோடையில் ஈரப்பதம் அதிகம். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் தென்கிழக்கிலிருந்து வரும் ஷ்லொக் காற்று வீசும் நாட்களில் புழுக்கம் உச்சத்துக்குப் போகும். பெருந்துறைமுகத்தின் வாய் வடகிழக்கைப் பார்த்திருப்பதால், குளிர்காலத்தில் கிரிகால் என்னும் வடகிழக்குப் புயற்காற்று எழும்போது நீர் கொந்தளிக்கும். உப்புக் காற்று இரும்பையும் மரச் சன்னலையும் மென்கல்லையும் அரிக்கும். கடல் பார்த்த வீட்டுக்குப் பராமரிப்புச் செலவு எப்போதும் ஒரு படி அதிகம்.

சுற்றுப்புறத்திலும் இரண்டும் நேரெதிர். ரபாத் உள்ளாட்சியின் பரப்பு சுமார் 26 சதுர கிலோமீட்டர். மால்ட்டாத் தீவின் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். பஹ்ரியா என்ற சிற்றூர், ஃபோம்-இர்-ரிஹ் விரிகுடா, படிவயல்கள், பள்ளத்தாக்குகள் எல்லாம் அதற்குள் அடங்கும். பிரிட்டிஷ் பொறியாளர் ஆஸ்பர்ட் சாட்விக்கின் பெயரால் வழங்கும் தடுப்பணைகளும், டிங்லி செங்குத்துப் பாறைகளும், தீவில் அரிதான புஸ்கெட் என்ற சோலையும் அருகில் உள்ளன. நடைப்பயணம், சைக்கிள், நாய் வளர்ப்பு, தோட்டம் என்று விரும்புவோருக்கு மால்ட்டாவில் இதற்கு ஈடான ஊர் குறைவு. பிர்குவின் பரப்பு அரை சதுர கிலோமீட்டர். கால் மணி நேரத்தில் ஊரைக் குறுக்கே கடந்துவிடலாம். அங்கே திறந்தவெளி என்றால் கடலும் மதில்மேடும்தான்.

வீடுகளின் தன்மை

இரண்டு ஊர்களும் ஒரே கல்லால் கட்டப்பட்டவை. மால்ட்டியர் ஃபிராங்கா என்று அழைக்கும் தேன்நிறச் சுண்ணாம்புக்கல் வெட்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப்பட மேல்தோல் இறுகுவது. பழைய வீட்டின் சுவர் இரட்டைச் சுவர்: இரு வரிசைக் கற்களுக்கு நடுவே கல்லும் மண்ணும் நிரப்பியிருப்பார்கள். கல்வளைவுகளின் அல்லது மர உத்திரங்களின் மேல் கற்பலகைகளைப் பரப்பிக் கூரை போடுவார்கள். நடுவில் முற்றம்; அதற்கடியில் மழைநீர் சேரும் பாறைத்தொட்டி. தெருப்பக்கம் கல்லாரியா எனப்படும் மூடிய மர மாடம். மாடிக்குப் போகக் குறுகிய சுழற்படி. ஆறும் ஏரியும் இல்லாத நாட்டில் வீட்டுத்தொட்டி உயிர்நாடியாக இருந்தது. குடிநீரில் பெரும்பகுதி கடல்நீரைச் சுத்திகரித்து வரும் இன்றும், புதிய கட்டடங்களுக்கு மழைநீர்த் தொட்டியைச் சட்டம் கேட்கிறது.

இந்த வீடுகளின் முதல் எதிரி ஈரம். பழைய சுவர்களுக்கு ஈரத்தடுப்புப் படலம் கிடையாது. நிலத்தடி ஈரம் கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறி, ஆவியாகும்போது உப்பை விட்டுச் செல்கிறது. உப்பு படிகமாகும்போது கல்லின் முகம் பொடிந்து தேன்கூடு போலாகும். பழைய சுவரின் மேல் சிமென்ட் பூசுவது இதற்கு மருந்து என்று பலர் செய்துவைத்த வேலை நிலைமையை மோசமாக்கியது. சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்து, அது இன்னும் மேலேற வழிசெய்கிறது. சுண்ணாம்புச் சாந்தும் சுண்ணாம்புப் பூச்சும் சுவரை மூச்சுவிட வைக்கும். வீடு பார்க்கும்போது புதிதாக வெள்ளையடித்த கீழ்ச்சுவர், புதிய மரப்பலகை மறைப்பு, தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் அறை ஆகியவற்றைச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. ஈரம் வெளிப்படும் மாதங்கள் டிசம்பர் முதல் மார்ச் வரை. ஜூலையில் பார்த்த வீடு எதையும் காட்டிக்கொடுக்காது.

ரபாத்தில் வீட்டு வகைகள் பல. தூய பவுல் தேவாலயத்தைச் சுற்றியுள்ள குறுகிய தெருக்களில் முற்றம் வைத்த பழைய வீடுகள் உள்ளன. அதற்கு வெளியே இருபதாம் நூற்றாண்டின் வரிசை வீடுகளும் மேசொனெட் எனப்படும் தனிவாசல் மாடிவீடுகளும் வருகின்றன. தால்-விர்த்து பகுதியில் தோட்டம் வைத்த தனிவீடுகளையும், பஹ்ரியா பக்கம் பண்ணைவீடுகளையும் பார்க்கலாம். ஒரே ஊருக்குள் குடும்பத்தின் தேவை மாறும்போது வீட்டை மாற்றிக்கொள்ள இங்கே இடமுண்டு. ஆனால் தரையைத் தோண்டும் எந்த வேலையும் இங்கே எச்சரிக்கைக்குரியது. பியூனிக் காலக் கல்லறையோ ரோமானியச் சுவரோ தட்டுப்பட்டால் கலாசார மரபுக் கண்காணிப்புத் துறை தலையிடும், வேலை நிற்கும், நிலவறைத் திட்டம் கைவிடப்படவும் கூடும்.

பிர்குவில் வகைகள் குறைவு. வீரத்துறவிகளின் விடுதிகள் இருந்த கொல்லாக்கியோ பகுதியில் சந்துகள் மிகக் குறுகலானவை. வீடுகள் அகலம் குறைந்து உயரம் கூடியவை. ஒரு தளத்துக்கு ஓரிரு அறை என்று மூன்று நான்கு தளம் எழுந்து மொட்டைமாடியில் முடியும். மொட்டைமாடியிலிருந்து துறைமுகமும் வாலெட்டாவும் தெரியும். அதற்காகத் தினமும் சுழற்படி ஏற வேண்டும். தவழும் குழந்தை, முழங்கால் வலி உள்ள பெரியவர், சக்கர நாற்காலி ஆகியவற்றுக்கு இந்த வீடுகள் பொருந்தா. மின்தூக்கி வைக்கப் பல வீடுகளில் இடமும் இல்லை, அனுமதியும் எளிதில் கிடைக்காது. வீடுகளுக்கு அடியில் போர்க்காலத்தில் பாறையைக் குடைந்த பதுங்குகுழிகள் உண்டு. கூடுதல் இடமாகப் பயன்படும் இவையே சில வீடுகளில் ஈரத்தின் ஊற்றாகவும் இருக்கின்றன.

வாங்குவதும் வாடகையும்

இரண்டு ஊர்களின் பழைய மையங்களும் நகர்ப் பாதுகாப்புப் பகுதிகள். முகப்பு, சன்னல் அளவு, மர மாடத்தின் வடிவம், கூரையில் எழுப்பும் அறை ஆகிய எல்லாவற்றுக்கும் திட்டமிடல் ஆணையத்தின் அனுமதி வேண்டும். பட்டியலிடப்பட்ட கட்டடம் என்றால் கட்டுப்பாடு இன்னும் கடுமை. முதல் தரப் பட்டியலில் உள்ளவற்றின் உட்புறத்தையும் மாற்ற விடமாட்டார்கள். அதே நேரத்தில் முகப்பைச் செப்பனிட அரசின் மானியத் திட்டங்களும், பாதுகாப்புப் பகுதியில் வாங்குவோருக்கு வரிச் சலுகைகளும் அவ்வப்போது வருகின்றன. இந்தக் கணக்கைச் சேர்க்காமல் விலையை மட்டும் ஒப்பிடுவது தவறான முடிவைத் தரும்.

வாங்கும் முறை எல்லா ஊருக்கும் பொது. முதலில் கொன்வெனியு எனப்படும் விற்பனை உறுதி ஒப்பந்தம். வழக்கமாக விலையில் 10 சதவீதம் முன்பணம். பிறகு நோட்டரி பத்திரங்களைத் தேடிப் பார்த்து இறுதிப் பத்திரம் எழுதுவார். முத்திரைத் தீர்வை பொதுவாக 5 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் தாங்கள் வசிக்கும் முதல் வீட்டைத் தடையின்றி வாங்கலாம். ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குத் தனி அனுமதி வேண்டும். சிறப்புப் பகுதிகளைத் தவிர்த்தால் ஒரு வீடு மட்டுமே வாங்கலாம். அதற்குக் குறைந்தபட்ச விலை வரம்பும் உண்டு. பழைய, சிறிய, மலிவான வீட்டைத் தேடுபவருக்கு இந்த வரம்பே தடையாகிவிடும்.

பழைய ஊர் என்பதால் பத்திரச் சிக்கல்களும் பழையவை. பாட்டனார் வீடு பிரிவினை ஆகாமல் பேரன் பேத்திகள் பலருக்குப் பொதுவாக நிற்பது சாதாரணம். அவர்களில் சிலர் ஆஸ்திரேலியாவிலோ கனடாவிலோ இருப்பார்கள். சென்ஸ் எனப்படும் நிலவாடகை முடிவடையும் தேதியுடன் இருக்கிறதா, நிரந்தரமானதா என்பதைப் பார்க்க வேண்டும். பிர்குவில் அரசுக்குச் சொந்தமான வீடுகள் கணிசமாக உள்ளன. 1991இல் வத்திக்கானோடு செய்த உடன்பாட்டின்படி திருச்சபைச் சொத்துகள் பலவும் அரசின் கைக்கு வந்தன. இத்தகைய வீடுகளில் குடியிருப்பவர் விற்பது உரிமையையா, குடியிருப்பையா என்று நோட்டரி உறுதி செய்யும் வரை முன்பணம் கொடுக்கக் கூடாது.

விலைப்போக்கில் இரண்டு ஊர்களும் வேறு பாதையில் வந்தவை. கப்பல்தளத் தொழிலாளர் ஊர் என்ற அடையாளத்தால் பிர்கு நீண்ட காலம் மலிவாக இருந்தது. 2000க்குப் பிறகு கடல்முகம் சீரமைக்கப்பட்டு, படகுத்துறை வந்து, வெளிநாட்டவர் பழைய வீடுகளை வாங்கிப் புதுப்பிக்கத் தொடங்கியதும் விலை ஏறியது. இன்று செப்பனிட்ட வீட்டுக்கும் செப்பனிடாத வீட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அங்கே மிகப் பெரிது. ரபாத்துக்கு இம்டினாவின் நிழலில் எப்போதும் மதிப்பு இருந்துவந்தது. விலை சீராக ஏறியது. வாடகைக்கு 2020 ஜனவரி முதல் நடப்பில் உள்ள சட்டத்தின்படி, நீண்டகாலக் குடியிருப்பு ஒப்பந்தம் குறைந்தது ஓராண்டுக்கு இருக்க வேண்டும். வீட்டு ஆணையத்தில் பதிவும் கட்டாயம்.

போக்குவரத்து

மால்ட்டாவில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பதில் பயனில்லை. வாகன நெரிசல் தீவின் நிரந்தர நோய். பிர்குவின் பெரும் பலம் கடல்வழி. துறைமுகத்தைக் கடந்து வாலெட்டாவுக்குப் போகும் பயணிப் படகு சில நிமிடங்களில் போய்ச் சேரும். இறங்கியதும் 2012இல் திறந்த பராக்கா மின்தூக்கி 58 மீட்டர் மேலே நகருக்குள் கொண்டுபோய் விடும். டைசா என்ற மரபுப் படகுகளும் ஓடுகின்றன. வாலெட்டாவில் வேலை பார்ப்பவருக்கு இதைவிட நிம்மதியான பயணம் தீவில் வேறில்லை. கடல் கொந்தளிக்கும் நாட்களில் படகு நின்றுவிடும். அன்று மார்சாவைச் சுற்றிச் சாலையில் போக வேண்டும். ஸ்லீமா, செயின்ட் ஜூலியன்ஸ் பகுதிகளின் இணையச் சூதாட்ட, நிதி நிறுவனங்களில் வேலை என்றால் இந்தச் சாதகம் பாதியாகக் குறைகிறது. லூகாவிலுள்ள விமான நிலையம் மட்டும் பிர்குவுக்கு அருகில்தான்.

ரபாத்துக்கு ஒரு காலத்தில் ரயில் இருந்தது. 1883இல் வாலெட்டாவிலிருந்து இம்டினா வரை ஓடத் தொடங்கிய அந்தப் பாதை 1931இல் மூடப்பட்டது. இன்று பேருந்தும் காரும்தான். மேற்கு ஊர்களின் பேருந்துகள் கூடும் இடம் என்பதால் வாலெட்டாவுக்கும் பிற ஊர்களுக்கும் அடிக்கடி பேருந்து உண்டு. 2022 அக்டோபர் முதல், தனிப்பெயர் பயண அட்டை உள்ள குடியிருப்போருக்குப் பகல்நேரப் பேருந்துகள் கட்டணமில்லாதவை. ஆனால் காலையில் அட்டார்ட், பிர்கிர்காரா வழியாக நகர்ப்பக்கம் போகும் எல்லோருக்கும் அதே சாலைதான். பேருந்துக்கு நெரிசலிலிருந்து விலக்கில்லை.

கார் வைத்திருப்பவருக்கு ரபாத்தில் வாழ்வது எளிது. பழைய மையத்தில் இடம் தேடி அலைய நேர்ந்தாலும், வெளித்தெருக்களில் நிறுத்தலாம். புதிய வீடுகளில் கார்க்கொட்டகை உண்டு. பிர்குவின் சந்துகளில் கார் நுழையாது. மதிலுக்கு வெளியிலோ சதுக்கத்தின் ஓரத்திலோ நிறுத்திவிட்டு, வாங்கிய பொருட்களைக் கையில் சுமந்து நடக்க வேண்டும். வீட்டைப் புதுப்பிக்கும்போதும் மணலும் கல்லும் இதே வழியில்தான் வர வேண்டும். கூலி அதற்கேற்ப ஏறும். கார் இல்லாமல் வாழ முடிவு செய்தவர்களுக்கு இந்த நெருக்கமே வரம். தெருவில் வண்டிச் சத்தம் இல்லை. குழந்தைகள் சதுக்கத்தில் ஓடி விளையாடலாம்.

அன்றாடத் தேவைகள்

ரபாத்தில் 11,000க்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். அதற்கேற்ற வங்கி, மருந்துக்கடை, அங்காடி, பள்ளி, அரசு நலவாழ்வு மையம் எல்லாம் ஊருக்குள் உள்ளன. பாஸ்டிட்சி எனப்படும் பாலாடைக்கட்டி அல்லது பட்டாணி அடைத்த சுடுபலகாரத்துக்குத் தீவெங்கும் பெயர்பெற்ற கடை ரபாத்தில் இருக்கிறது. உழவரும் அலுவலரும் சுற்றுலாப் பயணியும் அங்கே ஒரே வரிசையில் நிற்பார்கள். பழைய விமானத்தளமான தா’ அலியில் பூங்காவும் தேசிய விளையாட்டரங்கமும் உள்ளன. காரில் சில நிமிடங்களில் போகலாம். ரபாத் தன்னளவில் நிறைந்த ஊர். வாரக்கணக்கில் வெளியே போகாமல் வாழ முடியும்.

பிர்குவின் மக்கள்தொகை மூவாயிரத்துக்கும் குறைவு. ரொட்டி, காய்கறி, மருந்து போன்ற அன்றாடப் பொருட்கள் கிடைக்கும். பெரிய கொள்முதலுக்கு ஃபுகுரா, பாவ்லா ஊர்களுக்குப் போவார்கள். நலவாழ்வு மையம் பக்கத்து ஊரான போர்ம்லாவில். கலை, அறிவியல், தொழில்நுட்பக் கல்லூரியின் முதன்மை வளாகம் பாவ்லாவிலும், குழந்தைகளுக்கான ‘எஸ்ப்ளோரா’ அறிவியல் மையம் கல்காராவின் பழைய பிகி கடற்படை மருத்துவமனையிலும் உள்ளன. பெரிய சிகிச்சைக்கு இரண்டு ஊர்க்காரர்களும் ம்சீடாவில் 2007இல் திறந்த மாட்டெர் டெயி மருத்துவமனைக்கே போக வேண்டும். பல்கலைக்கழகமும் அதே பகுதியில்தான். ஆங்கிலவழி தனியார் பள்ளிகள் பெரும்பாலும் தீவின் நடுவிலும் வடக்கிலும் இருப்பதால், பள்ளி வயதுக் குழந்தை உள்ள வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு ரபாத் வசதியானது.

சமூகமும் திருவிழாவும்

மால்ட்டிய மொழியும் ஆங்கிலமும் ஆட்சிமொழிகள். இரண்டு ஊர்களிலும் ஆங்கிலத்தை வைத்துக் காலம் தள்ளலாம். ஆனால் சதுக்கத்துப் பேச்சும் இசைக்குழு மன்றத்தின் பேச்சும் மால்ட்டிய மொழியில்தான் நடக்கும். நாலு சொல் பேசக் கற்றுக்கொள்பவருக்குக் கதவுகள் விரைவில் திறக்கும். பிர்குவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கப்பல்தளத் தொழிலாளர் மரபு அங்கே தொழிற்சங்க உணர்வையும் தொழிற்கட்சிப் பற்றையும் வேரூன்றச் செய்தது. பிரதமராக இருந்த டொம் மின்டோஃப் பக்கத்து ஊரான போர்ம்லாவில் பிறந்தவர். கடைசி பிரிட்டிஷ் படை 1979 மார்ச் 31 அன்று வெளியேறியதன் நினைவுச்சின்னம் பிர்குவின் கடல்முகத்தில் நிற்கிறது. ரபாத்தில் உழவுக் குடும்பங்கள், மடங்கள், இம்டினாவின் பழைய செல்வர் குடும்பங்களோடு இருந்த தொடர்பு ஆகியவை சேர்ந்து வேறொரு நிதானத்தைத் தந்திருக்கின்றன.

ஃபெஸ்டா எனப்படும் ஊர்த் திருவிழாதான் ஆண்டின் உச்சம். பிர்குவில் ஆகஸ்ட் 10 தூய லாரன்ஸ் விழா. அதே மாதக் கடைசியில் தூய தோமினிக் விழா. உயிர்ப்பு ஞாயிறன்று உயிர்த்த கிறிஸ்துவின் கனத்த சிலையைத் தோளில் சுமந்து ஓடுவார்கள். மார்ச் 31, செப்டம்பர் 8 ஆகிய நாட்களில் துறைமுகப் படகுப்போட்டியில் மானப்பிரச்சினையாக மோதுவார்கள். அக்டோபரில் ஓரிரவு மின்விளக்கை அணைத்து ஊர் முழுதும் மெழுகுவர்த்தி ஏற்றும் நிகழ்ச்சிக்கு நாடே திரண்டு வரும். ரபாத்தில் மார்ச் 19 தூய சூசையப்பர் விழா. ஜூலை தொடக்கத்தில் தூய பவுல் விழா. ஜூன் 29 அன்று இம்னார்யா விழாவில் புஸ்கெட் சோலையில் முயல்கறியும் நாட்டுப்பாட்டும், சக்கையா மேட்டுச் சாலையில் குதிரைப் பந்தயமும் நடக்கும்.

விழா வாரத்தில் காலையிலேயே வேட்டுச் சத்தம் தொடங்கும், தெரு அடைக்கப்படும், நள்ளிரவு வரை இசைக்குழு முழங்கும். இரண்டு ஊர்களும் இதில் சமம். சத்தம் பிடிக்காதவர் ரபாத்தின் வெளிப்பகுதிக்கோ பஹ்ரியாவுக்கோ ஒதுங்கலாம்; அரை சதுர கிலோமீட்டர் பிர்குவில் ஒதுங்க இடமில்லை. சுற்றுலாக் கூட்டத்திலும் வேறுபாடு உண்டு. இம்டினாவுக்கு வருபவர்கள் ரபாத்தின் கல்லறைகளையும் தூய பவுல் குகையையும் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடுவார்கள்; கூட்டம் சில தெருக்களோடு நிற்கும். பிர்குவில் கடல்முக உணவகங்களின் கூட்டம் இரவிலும் தொடரும். சந்துகளில் குறுகியகால விடுதி வீடுகளும் பெருகிவருகின்றன. பக்கத்து வீடு அப்படிப்பட்டதா என்று விசாரிப்பது அவசியம்.

யாருக்கு எது பொருந்தும்

வாலெட்டாவிலோ தெற்குப் பகுதியிலோ வேலை, கார் வேண்டாம், படி ஏறத் தயக்கமில்லை, குழந்தைகள் இல்லை அல்லது வளர்ந்துவிட்டார்கள், அண்டை வீட்டாரோடு நெருங்கி வாழப் பிடிக்கும் என்பவர்களுக்குப் பிர்கு ஏற்றது. இரண்டு கார் உள்ள குடும்பம், பள்ளிக் குழந்தைகள், வீட்டிலிருந்தே வேலை, தோட்டத்திலும் நடையிலும் விருப்பம், முதுமையிலும் அதே ஊரில் தொடர வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர்களுக்கு ரபாத். ஸ்லீமா பக்கம் தினமும் போக வேண்டியவர்களுக்கு இரண்டுமே சிரமம்தான். வெளியூர்ப் பயணம் அதிகம் உள்ளவருக்குப் பிர்குவிலிருந்து விமான நிலையம் நெருக்கம் என்பது ஒரு கூடுதல் காரணம்.

வரிசையாக முடிவெடுப்பது குழப்பத்தைக் குறைக்கும். முதலில் வேலை செய்யும் இடமும் போகும் வழியும், அடுத்து கார் உண்டா இல்லையா, மூன்றாவது வீட்டில் உள்ளவர்களின் வயதும் உடல்நிலையும், நான்காவதாகத்தான் வீடு. ஊரை முடிவு செய்யாமல் வீட்டைத் தேடுபவர்கள் பெரும்பாலும் ஒரு முற்றத்தையோ மொட்டைமாடிக் காட்சியையோ பார்த்து மயங்கி, பிறகு ஊரோடு ஒத்துப்போகத் திணறுகிறார்கள். வாங்கும் எண்ணம் இருந்தாலும் முதலில் வாடகைக்கு இருப்பதே பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை. சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஓராண்டு இதற்குச் சரியான அளவு. அந்த ஓராண்டுக்குள் ஒரு மழைக்காலத்தின் ஈரம், ஒரு கோடையின் புழுக்கம், ஒரு விழாவின் சத்தம், படகு ஓடாத அல்லது சாலை அடைத்துக்கொண்ட நாட்கள் எல்லாம் வந்துபோகும். இவற்றில் எதைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்று தெரிந்த பிறகு எடுக்கும் முடிவு நிலைக்கும்.